எழுதப்படுவோரும் அவையில் இருக்கட்டும்

பிலிப்பைன்ஸ் சமூகமும் பண்பாடும் பற்றிய இந்தப் பன்னாட்டுக் கருத்தரங்குக்குத் தலைமையேற்கும் வாய்ப்பைத் தந்த அமைப்பாளர்களுக்கு என் நன்றி.

இப்படி ஒரு மாநாட்டை 1889-லேயே கூட்ட முயன்றவர் பிலிப்பினோ எழுத்தாளர் ஹோசே ரிசால். பாரிசில் உலகப் பொருட்காட்சி நடந்த ஆண்டு அது. பிலிப்பைன்ஸ் ஆய்வுக்கென ஒரு பன்னாட்டுக் கழகத்தைத் திட்டமிட்டார். ஆஸ்திரிய அறிஞர் ஃபெர்டினாண்ட் புளுமென்டிரிட்டைத் தலைவராக்கி, செயலாளர் பொறுப்பைத் தாம் எடுத்துக்கொண்டார். மாநாடு கூடவில்லை. ஆனால் அதே காலத்தில் அவர் செய்துமுடித்த வேலை ஒன்று நம் துறைக்கு அடித்தளமாக நிற்கிறது. அந்தோனியோ தெ மோர்கா என்ற ஸ்பானிய அதிகாரி 1609-இல் மெக்சிகோவில் அச்சிட்ட வரலாற்று நூலை, லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உட்கார்ந்து கையாலேயே படியெடுத்து, விரிவான அடிக்குறிப்புகளோடு பதிப்பித்தார்.

அதில் ஒரு குறிப்பை மட்டும் சொல்கிறேன். இந்த மக்கள் மீனை நாற்றமெடுத்த பிறகே விரும்பித் தின்கிறார்கள் என்று மோர்கா எழுதியிருந்தார். ரிசால் விடவில்லை. அது அழுகிய மீனல்ல, உப்பிட்டுப் பதப்படுத்திய பகோஓங். பழகாத உணவைக் கண்டு முகம் சுளிப்பது எல்லா நாட்டாருக்கும் உள்ள வழக்கம் என்று அடிக்குறிப்பில் மறுத்தார். கருவாட்டுக் குழம்பின் அருமை தெரிந்த நமக்கு அவருடைய கோபம் உடனே விளங்கும். யாரைப் பற்றி எழுதப்பட்டதோ, அவர்களில் ஒருவர் அந்த நூலையே கையிலெடுத்துத் திருத்துகிறார். பதினைந்தே ஆண்டுகள் கழித்து, 1904-இல், அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் பொருட்காட்சியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிலிப்பினோக்களைக் காட்சிப்பொருளாக நிறுத்திவைத்தார்கள். இந்த இரண்டுக்கும் நடுவே நம் துறை எந்தப் பக்கம் நிற்கிறது என்பதை ஒவ்வொரு தலைமுறையும் கேட்டாக வேண்டும்.

அதற்காக, உள்ளிருந்து வரும் குரல் எல்லாமே சரி என்று நான் சொல்லவில்லை. ரிசாலின் அடிக்குறிப்புகளில் நாட்டுப்பற்று சில இடங்களில் கண்ணை மறைக்கிறது என்று அன்றே எழுதியவர் இசபேலோ தெ லோஸ் ரெயெஸ். அவரும் பிலிப்பினோ, நாட்டார் வழக்காறுகளைத் திரட்டிய முன்னோடி. கலந்தியாவ் சட்டத்தின் கதையும் அப்படித்தான். 1433-இல் ஒரு தலைவன் இயற்றியதாகப் பள்ளிப் பிள்ளைகள் பல்லாண்டு படித்த அந்தச் சட்டம் இருபதாம் நூற்றாண்டில் புனையப்பட்டது என்பதை 1968-இல் தம் ஆய்வேட்டில் நிறுவியவர் வில்லியம் ஹென்றி ஸ்காட். பிறப்பால் அமெரிக்கர், சகாடா மலையூரில் வாழ்ந்தவர். உண்மையைத் தேடும்போது பிறந்த ஊரை வைத்து யாரையும் தள்ளவும் முடியாது, ஏற்கவும் முடியாது.

இஃபுகாவோ மலைச்சரிவின் நெல் வயல்களை எல்லோரும் படத்தில் பார்த்திருப்பீர்கள். 1995-இல் உலக மரபுச் சின்னமானபோது அவற்றுக்கு இரண்டாயிரம் ஆண்டு வயது சொன்னார்கள். மானிடவியலாளர் ஓட்லி பேயர் பரப்பிய கணக்கு அது. தொல்லியலாளர் ஸ்டீபன் அகபாடோவின் குழு உள்ளூர் மக்களோடு சேர்ந்து பழைய கியாங்கன் ஊரில் அகழ்ந்தபோது வேறு படம் தெரிந்தது. முன்பு அங்கே விளைந்தது சேம்பு. நன்செய் நெல் பெருகியது ஏறத்தாழ நானூறு ஆண்டுகளுக்கு முன், ஸ்பானியர் சமவெளியை நெருக்கிய காலத்தில். வயது குறைந்ததே என்று வருந்தியவர்கள் உண்டு. எனக்கோ மதிப்பு கூடித்தான் தெரிகிறது: ஒரு பேரரசுக்குப் பணியாமல் நிற்பதற்காகச் சில தலைமுறைகளுக்குள் மலையையே வயலாக்கிய மக்கள் அவர்கள். அந்த மண்ணின் மக்களும் குழியில் இறங்கியதால்தான் இந்த முடிவு ஊருக்குள்ளேயே விவாதிக்கப்படுகிறது.

இன்றைய பிலிப்பைன்ஸில் பாதிக் கதை கடலுக்கு அப்பால் நடக்கிறது. 1974-இன் தொழிலாளர் சட்டத்துக்குப் பிறகு வெளிநாட்டு வேலை அரசின் கொள்கையாகவே ஆனது. இன்று சுமார் ஒரு கோடிப் பேர் வெளியே வாழ்கிறார்கள். ஹாங்காங்கில் ஞாயிறுதோறும் வீட்டுப் பணிப்பெண்கள் நடைபாதையில் அட்டை விரித்து உட்கார்ந்து, சாப்பாட்டைப் பகிர்ந்துகொண்டு, ஊருக்கு அனுப்பும் பெட்டியைக் கட்டுவார்கள். சோப்பு, டப்பா இறைச்சி, சாக்லேட், மகனுக்குக் காலணி, இடைவெளியில் துண்டு. மகனின் கால் அளவு இதற்குள் மாறியிருக்குமோ என்ற கவலையும் அதற்குள்தான் போகிறது. பணவரவுப் புள்ளிவிவரத்தோடு நின்றுவிடும் கட்டுரைகள் நம்மிடம் போதுமான அளவு இருக்கின்றன. பெட்டியைக் கட்டும் பெண்ணையே கூட்டாசிரியராகக் கொண்ட கட்டுரை எத்தனை?

சென்னை ஆய்வாளர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். 1762-இல் மணிலாவைப் பிடித்த ஆங்கிலேயப் படை புறப்பட்டது சென்னைக் கடற்கரையிலிருந்து. அதில் போன சிப்பாய்களில் சிலர் திரும்பாமல், மணிலாவை அடுத்த கைன்டாவில் மணமுடித்துத் தங்கிவிட்டார்கள். அவர்கள் வழிவந்தோர் இன்றும் அங்கே வாழ்கிறார்கள். புனித ஜார்ஜ் கோட்டை ஆவணங்கள் எழும்பூரிலேயே இருக்கின்றன. கைன்டாவின் குடும்பங்களைச் சேர்த்துக்கொண்டு இந்த ஆவணங்களைப் படிக்க யாராவது முன்வாருங்கள்.

கட்டுரை படிப்பவர்கள் அனைவரும் தங்கள் ஆய்வின் சுருக்கத்தை, ஆய்வுக்குள்ளான ஊரார் பேசும் மொழியில், தகாலோக்கோ செபுவானோவோ இலோகானோவோ, எழுதி அங்கே சேர்ப்பிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அவர்கள் தரும் மறுப்பையும் கட்டுரையோடு சேர்த்தே அச்சிடுவோம். கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன். முதல் அமர்வின் கட்டுரையாளர்கள் மேடைக்கு வரலாம்.