சாலையும் வேலையிடம்தான்



பட்டறையில் லேத் மெஷினில் ஒருவர் கை சிக்கினால் என்ன சொல்கிறோம்? வேலையில் அடிபட்டது என்கிறோம். அதே ஆள் லாரி ஓட்டும்போது அடிபட்டால்? "ரோட்டு விபத்துப்பா, அவன் தலையெழுத்து" என்று முடித்துவிடுகிறோம்.

சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. லாரி டிரைவருக்கு ரோடுதான் பட்டறை. கூடப் போகிற கிளீனருக்கும் அப்படித்தான். வேலையாகப் போகும்போது அடிபட்டால், அது வேலையில் பட்ட அடி. தார்ப்பாய் கட்ட ஏறி, மேலிருந்து விழுந்தாலும்கூட. நட்டஈடு கொடுக்கும் பொறுப்பு வேலை கொடுத்தவருடையது. இதற்கான சட்டம் 1923ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. இன்றைய சட்டத்திலும் அந்த உரிமை தொடர்கிறது.

முக்கியமான இடம் இதுதான். மோதியது யார் தப்பு என்று இங்கே நிரூபிக்க வேண்டியதில்லை. டிரைவரே கொஞ்சம் கவனம் தவறியிருந்தாலும், அதற்காக மட்டும் நட்டஈட்டை மறுக்க முடியாது. குடித்துவிட்டு ஓட்டினால் கதை வேறு. அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன்!

இன்னொரு வழி, மோட்டார் விபத்துத் தீர்ப்பாயம். அங்கே பெரும்பாலும் எதிராளியின் தப்பைக் காட்ட வேண்டியிருக்கும். இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம். இரண்டிலும் கேட்க முடியாது. அதனால் மனுவில் கையெழுத்துப் போடும் முன் விவரம் தெரிந்தவரிடம் கேளுங்கள்.

நாமக்கல், சங்ககிரிப் பக்கம் கேட்டுக்கொண்டிருக்கிற லாரிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பேட்டா வாங்கிய சீட்டு, டிரிப் ஷீட் எதையும் கசக்கி எறியாதீர்கள். நீங்கள் யாரிடம் வேலை பார்த்தீர்கள் என்பதற்கு அதுதான் சாட்சி. ஒரு நகல் வீட்டிலும் இருக்கட்டும்.