மணமாலை கழற்றிய பின்: மணிவிழா நாளின் மறுபாதி

(பங்குனி உத்திரத் திருக்கல்யாணத்தை ஒட்டி ஆலய மண்டபத்தில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

சற்று முன்னர் சந்நிதியில் அம்மைக்கும் அப்பனுக்கும் திருக்கல்யாணம் இனிதே நிறைவேறியது. சென்ற ஆண்டும் நிறைவேறியது. வரும் ஆண்டும் நிறைவேறும். என்றும் பிரியாத இருவருக்கு ஆண்டுதோறும் மணம் எதற்கு என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. அம்மணம் இறைவனுக்காக நடப்பதன்று, காண்பவர்க்காக நடப்பது. மதுரையில் சித்திரைத் திருவிழாவின்போது மீனாட்சியம்மையின் கழுத்தில் மங்கலநாண் ஏறும் வேளையில், அங்கே குழுமியிருக்கும் பெண்கள் தங்கள் தாலிக்கயிற்றையும் புதிதாக மாற்றிக்கொள்கின்றனர். ஒருமுறை கட்டிய உறவையும் காலந்தோறும் புதுப்பித்துக் காக்க வேண்டும் என்பதே அவ்வழக்கம் உணர்த்தும் பாடம்.

மனிதர் வாழ்வில் அத்தகைய புதுப்பித்தலுக்கு வாய்ப்பது மணிவிழா. தமிழ் ஆண்டுகள் பிரபவ முதல் அட்சய வரை அறுபது. 1964ஆம் ஆண்டு ஏப்ரலில் தொடங்கிய குரோதி, 2024ஆம் ஆண்டு ஏப்ரலில்தான் மீண்டும் வந்தது. வியாழன் வானை ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 12 ஆண்டுகளும், சனி ஏறத்தாழ 30 ஆண்டுகளும் எடுத்துக்கொள்கின்றன. ஆகவே அறுபது நிறையும்போது அவ்விரண்டும் பிறந்தபொழுது நின்ற இடத்தை ஒட்டி மறுபடியும் வந்து நிற்கின்றன. எனவேதான் பெரியோர் அதனை மறுபிறப்பாகக் கருதி, கலச நீராட்டி, மனைவியின் கழுத்தில் மீண்டும் மங்கலநாண் பூட்டச் செய்தனர். மார்க்கண்டேயரைக் காலனிடமிருந்து ஈசன் காத்த தலமாகப் போற்றப்படும் திருக்கடையூருக்குக் கடல் கடந்து சென்று இச்சடங்கை நிறைவேற்றும் மலேசியத் தம்பதியரும் உளர். உள்ளூர் ஆலயத்திலேயே நிறைவேற்றுவோரும் உளர்.

சடங்கு பெரும்பாலும் நண்பகலுக்கு முன்னரே முடிந்துவிடுகிறது. அதற்குப் பின் எஞ்சியிருக்கும் பொழுதை எப்படிப் பாங்குறக் கழிப்பது என்பதே இன்று சிந்தனைக்குரியது. அந்நாளின் மறுபாதியைப் பல குடும்பங்கள் அறியாமலே வீணாக்கிவிடுகின்றன. கலச நீரில் நனைந்த உடையோடு தம்பதியர் நெடுநேரம் நிற்கின்றனர். புகைப்படக்காரர் சொன்னபடியெல்லாம் திரும்புகின்றனர். மாலையில் மற்றொரு மண்டபம், மற்றொரு மேடை, செவி அதிரும் இசை. இரவு வீடு திரும்பும்போது அவ்விருவரும் ஒருவரோடு ஒருவர் பத்துச் சொல் பேசியிருக்க மாட்டார்கள். பிள்ளைகளின் கையில் எஞ்சுவது கடன் கணக்கு. இதில் யாருடைய அன்பும் குறைந்ததன்று. பொழுதைப் பகுத்துக்கொள்ளும் முறைதான் தவறிவிட்டது.

அம்முறையை வேறெங்கும் தேட வேண்டுவதில்லை. திருக்கல்யாணம் முடிந்தபின் ஆலயத்தில் நடைபெறுவனவற்றைக் கூர்ந்து நோக்கினால் போதும். முதலில் விருந்து, பின்னர்ப் புறப்பாடு, இறுதியில் பள்ளியறை. மணிவிழா நாளுக்கும் இம்மூன்றே போதுமானவை.

முதலாவது விருந்து. மதுரைத் திருக்கல்யாணத்தன்று ஊர் மக்களுக்குக் கல்யாண விருந்து படைக்கப்படுகிறது. மக்களும் மொய் எழுதுகின்றனர். அங்கே விருந்தின் பெருமை கறிவகைகளின் எண்ணிக்கையில் இல்லை; எல்லாரும் ஒரே பந்தியில் அமர்வதில் இருக்கிறது. மணிவிழாத் தம்பதியர் ஈர உடை மாற்றி, சற்றே இளைப்பாறி, முதற்பந்தியிலேயே உறவினரோடு அமர்ந்து உண்ண வேண்டும். நீரிழிவுக்கு மருந்து உண்பவர் காலையிலிருந்து வெறும் வயிற்றோடு இருந்து, விருந்தினர் அனைவரும் உண்டபின் உண்பது பண்பும் ஆகாது, உடலுக்கும் தீங்கு. வாழ்த்துப் பெற வருவோரை அமர்ந்தவாறே வரவேற்பதில் குறையொன்றும் இல்லை. உணவுக்குப் பின் இரண்டு மணி நேர ஓய்வு கட்டாயம் வேண்டும். அந்நேரத்தில் வாசலில் நின்று விருந்தினரை வழியனுப்புவது பிள்ளைகளின் கடமை.

இரண்டாவது புறப்பாடு. மதுரையில் திருக்கல்யாணம் நடந்த இரவிலேயே சுவாமி யானை வாகனத்திலும் அம்மன் பூப்பல்லக்கிலும் வீதிக்கு எழுந்தருள்கின்றனர். மறுநாள் தேரோட்டம். சந்நிதிக்கு வர இயலாத முதியோரும் நோயுற்றோரும் தத்தம் வாசலிலிருந்தே காணும்படி, மணக்கோலத்தோடு தெய்வமே அவர்களை நாடிச் செல்கிறது. அதுபோல், விழாவுக்கு வர இயலாதவர்களை நாடித் தம்பதியர் பிற்பகலில் செல்வதே அந்நாளுக்குரிய அழகு.

ஒரு குடும்பத்தில் நிகழ்ந்தது இது. தோட்டத்தில் பால்மரம் சீவித் தம் தம்பியைப் படிக்கவைத்த அக்காள், கணவரை இழந்தவர். தம்பியின் மணிவிழாவுக்கு அழைப்பு வந்தும், மங்கல காரியத்தில் தாம் நிற்கலாகாது என்று அவர் வீட்டிலேயே இருந்துவிட்டார். பிற்பகல் மூன்று மணிக்குத் தம்பியும் அவர் துணைவியாரும் அதே பட்டு உடையில் அவர் வீட்டுப் படியேறினர். தூக்குச் சட்டியில் பாயசம், தட்டில் புதுப்புடவை. இருவரும் அவர் காலில் விழுந்தபோது அவர் பின்வாங்கினார். “அக்கா, நீங்கள் கை வைக்காமல் இந்தக் கல்யாணம் முடியாது,” என்றார் துணைவியார். அந்த அம்மையார் இரு கைகளையும் உயர்த்தி வாழ்த்தினார். அன்று காலையில் ஓதப்பட்ட மந்திரங்களுக்கு நிகரானது அவ்வாழ்த்து. கைம்பெண்ணை மங்கல நாளில் ஒதுக்கிவைக்கும் வழக்கத்தில் அறம் இருப்பதாகத் தெரியவில்லை. வழக்கம் மாற வேண்டுமென்று மேடையில் முழங்குவதைக் காட்டிலும், இவ்வாறு ஒரு படி ஏறிச் செல்வது மேலானது.

மூன்றாவது பள்ளியறை. ஆலயத்தில் நாதசுரமும் மேளமும் ஓய்ந்தபின், அர்த்தசாமத்தில் திருவடிகளைப் பள்ளியறைக்கு எழுந்தருளச் செய்து, பால் நிவேதித்து, திருக்காப்பிடுவர். ஆரவாரமாகத் தொடங்கிய நாள் அமைதியில் நிறைவுறுகிறது. மணிவிழா நாளின் மாலையும் அவ்வாறே அமைதல் வேண்டும். வீட்டில் விளக்கேற்றிப் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் சூழ அமர்ந்து, பழைய புகைப்படங்களை எடுத்துப் பார்க்கலாம். யார் பெண் பார்க்க வந்தார்கள், எந்தப் பேருந்தில் வந்தார்கள், முதல் சம்பளத்தில் என்ன வாங்கினார்கள் என்பவற்றை அன்று சொல்லாவிட்டால் பேரப்பிள்ளைகள் வேறு எவரிடம் கேட்டறிவர்?

அம்மாலையில் செய்யத்தக்க மற்றொரு பணியும் உண்டு. மலேசியாவில் 2012 முதல் அரசு ஊழியர்க்குக் கட்டாய ஓய்வு வயது அறுபதாக உயர்ந்தது. தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயதும் 2013 முதல் அறுபதே. எனவே மணிவிழாவும் ஓய்வுபெறும் நாளும் பலருக்கு ஒரே ஆண்டில் நேர்கின்றன. தாலியை மீண்டும் பூட்டிய கணவர், அத்தாலிக்குரியவரின் எதிர்காலத்தையும் காத்திருக்கிறாரா என்று தாள்களை எடுத்துப் பார்ப்பது நன்று.

இந்நாட்டில் 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னர்ச் சமயச் சடங்கின்படி முறையாக நடந்த திருமணங்களை அச்சட்டம் பதிவானவையாகவே ஏற்றுக்கொண்டது. அதற்குப் பின்னர் நடந்தவற்றுக்குப் பதிவு கட்டாயம். இன்று மணிவிழாக் காண்போருள் மிகப் பலர் 1982க்குப் பின் மணந்தவர்கள். கோயிலில் தாலி கட்டியதோடு நின்றுவிட்ட தம்பதியர் இன்னும் இருக்கின்றனர். கணவர் மறைந்தபின், ஓய்வூதியம் கேட்டுச் செல்லும் பெண்மணி, தாம் மனைவியே என்று நிறுவ இயலாமல் முகப்பின் முன் கண்கலங்கி நிற்க நேரும். ஆகவே பதிவுச் சான்றிதழ் உண்டா, ஊழியர் சேமநிதியில் எழுதப்பட்ட பெயர் யாருடையது, உயில் எழுதப்பட்டதா என்ற மூன்று வினாக்களுக்கும் அம்மாலையிலேயே விடை காண வேண்டும். பதிவு இல்லையெனில், அடுத்த வேலை நாளிலேயே தேசியப் பதிவிலாகாவை நாடலாம். அறுபதில் பதிவு செய்வதில் வெட்கத்துக்கு இடமில்லை.

இவ்வளவுக்கும் பெருஞ்செலவு தேவையில்லை. மாலை மண்டபத்துக்குச் செலவிடும் வெள்ளியில் ஒரு பகுதியை ஆலய அன்னதானத்துக்கோ, ஏழை மாணவரின் கல்விக்கோ வழங்கினால் விழாவின் நினைவு நெடுநாள் நிலைக்கும். பின்னர், வீடு அடங்கியபின், இருவர் மட்டும் திண்ணையில் அமர்ந்து ஒரு குவளைப் பால் பகிர்ந்து அருந்தட்டும். அக்கினியின் முன் அன்று சொன்ன சொல்லுக்கு இத்தனை ஆண்டுகளில் எங்கெங்கே குறை நேர்ந்தது என்பதை அவர்கள் இருவரே அறிவர். அக்குறைகளைப் பேசித் தீர்த்துக்கொள்ள அதைவிட நல்ல பொழுது வாய்ப்பதரிது.

அம்மையப்பன் திருவருள் எல்லா இல்லங்களிலும் நிறைவதாக.