புயல் பைக்குள் எந்த மாத்திரை?

(நம் சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

"ஹார்மோன் பற்றி இருபது நிமிஷம் பேசுங்க சார்" என்று செயலாளர் கேட்டார். சிதம்பரத்தில் மருத்துவ மாணவர்களுக்கு உடற்கூறியல் நடத்தியவன் நான். இருபது நிமிடத்தில் முடித்துப் பழக்கமில்லை. அதனால் மூன்று சுரப்பிகளோடு நிறுத்திக்கொள்கிறேன்: தைராய்டு, பாராதைராய்டு, அட்ரினல்.

ஏன் இவை மூன்றும்? ஐப்பசி வந்தால் கடலூர்க்காரர்கள் நாம் வானத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுவோம். மெழுகுவர்த்தி, டார்ச், பிஸ்கட் எல்லாம் எடுத்து வைப்போம். மாத்திரையை மறந்துவிடுவோம். என் அக்கா வீட்டில் அப்படித்தான் நடந்தது.

2011 டிசம்பர் 30 அதிகாலை, தானே புயல். உங்களில் பலர் அன்று இங்கே இருந்திருப்பீர்கள். மரங்கள் விழுந்து தெருவெல்லாம் அடைப்பு, கரண்ட் இல்லை, கடைகள் திறக்கவில்லை. மூட்டுவாதத்துக்காக அக்கா பல ஆண்டுகளாக ப்ரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டு வந்தார். அட்டை தீர்ந்துவிட்டது. "வலி மாத்திரைதானே, பொறுத்துக்கலாம்" என்று இருந்துவிட்டார். மூன்றாம் நாள் வாந்தி, எழுந்தால் தலைசுற்றல், பேச்சே குழறியது. நாங்கள் கெட்ட தண்ணீர் குடித்ததால்தான் என்று நினைத்தோம். மருத்துவமனையில் ஒரு இளம் டாக்டர் மாத்திரைகளைப் பற்றிக் கேட்டார். உடனே ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசியும் சலைனும் ஏற்றினார். மறுநாள் காலை அக்கா காபி கேட்டார். பாடம் நடத்திய எனக்கு அது தோன்றவில்லை என்பது இன்றும் உறுத்துகிறது.

நடந்தது இதுதான். இரண்டு சிறுநீரகங்களின் மேலும் தொப்பி வைத்ததுபோல் அட்ரினல் உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வொன்றும் நான்கைந்து கிராம்தான். உள்பகுதி அட்ரினலின் சுரக்கும். நாய் துரத்தும்போது நெஞ்சு படபடப்பது அதனால். வெளிப்பகுதிதான் உயிர்நாடி. அதிலிருந்து வரும் ஆல்டோஸ்டிரோன் உடலில் உப்பைத் தக்கவைக்கிறது. கார்ட்டிசால் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் தாங்கிப் பிடிக்கிறது. காய்ச்சல், விபத்து, அறுவை சிகிச்சை என்றால் பல மடங்கு சுரக்கும். வெளியிலிருந்து ஸ்டீராய்டு மாத்திரை சில வாரங்களுக்கு மேல் போனால், "சப்ளைதான் வருகிறதே" என்று சுரப்பி வேலையைக் குறைத்துக்கொள்ளும். மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் அது உடனே விழித்துக்கொள்ளாது. அதனால்தான் டாக்டர்கள் படிப்படியாகக் குறைக்கிறார்கள். பெயர் போடாத மூட்டுவலிப் பொடிகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதும் உண்டு. சாப்பிடுகிறவருக்கே தெரியாது, பாவம்.

அடுத்து பாராதைராய்டு. தைராய்டின் முதுகுப்புறம் ஒட்டிக்கொண்டிருக்கும் நான்கு சுரப்பிகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய அரிசி அளவு. மாணவர்கள் மணிக்கணக்கில் தேடிவிட்டு ஒரு கொழுப்புத் துணுக்கை எடுத்துக் காட்டி "இதுதானே சார்?" என்பார்கள். இதை முதலில் பார்த்தது மனித உடலில்கூட இல்லை. லண்டன் விலங்குக் காட்சிசாலையில் இறந்த ஒரு இந்தியக் காண்டாமிருகத்தை 1850 வாக்கில் அறுத்துப் பார்த்த ரிச்சர்டு ஓவன்தான் கண்டார். மனிதரில் 1880இல் ஸ்வீடனைச் சேர்ந்த ஐவார் சாண்ட்ஸ்ட்ரோம் விவரித்தார். வேலை ஒன்றே ஒன்று: ரத்தத்தில் கால்சியம் குறையாமல் பார்த்துக்கொள்வது. தைராய்டு அறுவை சிகிச்சையில் இவை அடிபட்டால், கால்சியமும் அதோடு தரும் வைட்டமின் டி மாத்திரையும்தான் துணை. அவை தவறினால் ஓரிரு நாளிலேயே உதட்டைச் சுற்றி மரமரப்பு வரும், விரல்கள் இழுத்துக்கொள்ளும். "வாயு" என்று விட்டுவிடாதீர்கள்.

கடைசியாக தைராய்டு. இங்கே பாதிப் பேர் வந்ததே இதற்காக என்று தெரியும்! குரல்வளைக்குக் கீழே பட்டாம்பூச்சி வடிவில், இருபது கிராம் அளவில் இருக்கிறது. உப்பிலிருந்து வரும் அயோடினைக் கொண்டு டி4, டி3 என்ற ஹார்மோன்களைச் செய்து உடல் இயங்கும் வேகத்தைத் தீர்மானிக்கிறது. டி4 ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஏழு நாள் ஆகும். ஆகவே மழையில் ஓரிரு நாள் தைராக்ஸின் மாத்திரை தவறினால் பதற வேண்டாம். கர்ப்பிணிகள் மட்டும் விட்டுவிடக் கூடாது. பதற வேண்டியது தினமும் நடக்கும் தப்புக்கு: மாத்திரையைப் பில்டர் காபியோடு விழுங்குவது. வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் போட்டு அரை மணி முதல் ஒரு மணி நேரம் காத்திருங்கள். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். "டோஸ் ஏத்தியும் டி.எஸ்.ஹெச். இறங்கலை" என்று என்னிடம் சொன்ன மூன்று பேரிடம் விசாரித்தேன். மூன்று பேரும் காபி ரகம்.

ஆக, புயல் பைக்குள் ஸ்டீராய்டு முதலில், கால்சியம் அடுத்து, தைராய்டு மூன்றாவது. இரண்டு வாரத்துக்கு வாங்கி, பிளாஸ்டிக் கவரில் மருந்துச் சீட்டின் நகலோடு வையுங்கள். ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்கள், காய்ச்சலோ வாந்தியோ வந்தால் டோஸை எவ்வளவு கூட்டுவது என்று உங்கள் டாக்டரிடம் இப்போதே கேட்டு அந்தச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். தனியாக இருக்கும் பெரியவர்கள் எதிர் பிளாட்டில் ஒருவரிடமாவது சொல்லி வையுங்கள். வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டியதில்லை. நான் தரைத்தளத்தில்தான் இருக்கிறேன். மாத்திரை அட்டையோடு மாலை ஐந்து மணிக்கு மேல் வாருங்கள், பார்த்துச் சொல்கிறேன்.