மானியம் மக்களின் பணம்



அரசு உதவிபெறும் பள்ளியின் ஆசிரியருக்கு ஊதியம் தருவது மக்களின் வரிப்பணம். அப்படியிருக்க, பெற்றோரிடம் கட்டணம் வசூலிக்கும் உரிமை நிர்வாகத்திற்கு எங்கிருந்து வந்தது?

இக்கேள்வியை 1957இல் சட்டமன்றத்திற்குக் கொண்டுவந்தது கேரளத்தின் இ.எம்.எஸ். அரசு. கல்வி அமைச்சர் ஜோசப் முண்டசேரியின் மசோதா, ஆசிரியர்களுக்கு அரசே நேரடியாக ஊதியம் வழங்க வழிசெய்தது. வசூலாகும் கல்விக் கட்டணத்தை அரசிடம் ஒப்படைக்கப் பணித்தது. தனியார் நிர்வாகங்களும் நிலவுடைமையாளர்களும் கிளர்ந்தெழுந்தனர். 1959 ஜூலை 31 அன்று அவ்வரசு கலைக்கப்பட்டது.

ஆயினும் அந்த நியாயம் மடியவில்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 12ஆவது பிரிவில், சிறுபான்மையினர் பள்ளிகள் நீங்கலாக, தெளிவாகக் கூறுகிறது: பள்ளியின் ஆண்டுத் தொடர்செலவில் மானியம் எத்தனை விழுக்காடோ, அத்தனை விழுக்காடு குழந்தைகளுக்கு எட்டாம் வகுப்புவரை கட்டணமில்லை, அது 25 விழுக்காட்டிற்குக் குறையவும் கூடாது. செலவில் முக்கால் பங்கு மானியமெனில், நூற்றுக்கு 75 குழந்தைகள்.

மானியக் கணக்கை அறியாத பெற்றோர் இவ்வுரிமையை எவ்வாறு கோருவர்? மறுபுறம், காலிப் பணியிடங்களை நிரப்பாமல் அரசு மானியத்தைச் சுருக்கும்போது, அச்சுமையும் பெற்றோர் தலையிலேயே விழுகிறது.

எனவே கோரிக்கை இரண்டு: மானியத்தை முழுமையாக வழங்குக! மானியக் கணக்கைப் பள்ளியின் அறிவிப்புப் பலகையில் வெளியிடுக! ஒவ்வொரு கிளையும் இதனைப் பெற்றோரிடம் கொண்டு செல்லட்டும்.