ஐந்து சொற்கள் போதும்

(வட்டார வள மையத்தில் நடைபெற்ற பணியிடைப் பயிற்சியில் கணிதப் பட்டதாரி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கடவுச்சொல் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். நான் கணினி வல்லுநர் அல்ல, கணக்கு டீச்சர். ஆனாலும் இதைப் பேச எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு பத்தாம் வகுப்புக்கு நான் வகுப்பாசிரியர். உதவித்தொகைப் பட்டியல் வேலையைப் பள்ளியில் முடிக்க நேரமில்லாமல் வீட்டுக் கணினியில் செய்துகொண்டிருந்தேன். மாணவர் பெயர், முகவரி, பெற்றோரின் கைபேசி எண், வங்கிக் கணக்கு எண் எல்லாம் அதில் இருந்தன. கணினிக்குக் கடவுச்சொல்லும் வைத்திருந்தேன்: என் மகள் பெயர், அதோடு அவள் பிறந்த ஆண்டு.

மாலையில் என் வீட்டுக்குக் கணக்குப் படிக்க வரும் மாணவர்களில் ஒருவன், நான் அடுப்படியில் இருந்தபோது கணினியைத் திறந்து, வகுப்பு மாணவி ஒருத்தியின் வீட்டு எண்ணை எடுத்துவிட்டான். அவனும் அவன் நண்பர்களும் அந்த எண்ணுக்கு விளையாட்டாகப் பேசினார்கள். அந்த வீட்டில் அதை யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. "படிச்சது போதும்" என்று அந்தப் பெண்ணை நிறுத்திவிட்டார்கள். மூன்று முறை அவர்கள் வீட்டுக்குப் போய், தவறு என்னுடையது என்று சொன்ன பிறகே அவள் பள்ளிக்குத் திரும்பினாள். பன்னிரண்டு நாள் பாடம் போயிருந்தது.

அந்தப் பையனிடம் எப்படித் திறந்தாய் என்று கேட்டேன். "மூணாவது தடவையிலேயே திறந்துடுச்சு டீச்சர். நீங்கதான் வகுப்புல பாப்பா பேரை அடிக்கடி சொல்வீங்களே" என்றான். அவன் மேல் வந்த கோபத்தைவிட என் மேல் வந்த கோபம் அதிகம்.

நாம் எல்லோருமே இப்படித்தான் வைக்கிறோம். பிள்ளையின் பெயர், வண்டி எண், பிறந்த நாள். 2009-இல் ராக்யூ என்ற அமெரிக்க நிறுவனத்திலிருந்து 3 கோடிக்கும் மேற்பட்ட கடவுச்சொற்கள் கசிந்தன. அவற்றில் மிக அதிகம் பேர் வைத்திருந்தது 123456. கடவுச்சொல்லை உடைப்பவர்கள் இத்தகைய பட்டியல்களைத்தான் முதலில் சோதிக்கிறார்கள். புகழ்பெற்ற பாட்டு வரி, குறளின் முதல் சொற்கள், திரைப்படப் பெயர் ஆகியவையும் ஊகிக்கத் தக்கவையே. ஓர் எழுத்துக்குப் பதில் அதே தோற்றமுள்ள குறியைப் போடும் தந்திரமும் அவர்களுக்குப் பழையது.

இனி நம் பாடத்துக்கு வருவோம். ஆங்கிலச் சிறிய எழுத்துகள் 26. எட்டு எழுத்துக் கடவுச்சொல்லுக்கு 26-இன் எட்டாம் அடுக்கு, அதாவது ஏறத்தாழ 20,882 கோடி வாய்ப்புகள். பெரிய எண்தான். ஆனால் கடவுச்சொல் பதிவான கோப்பையே ஒருவர் திருடிவிட்டால், நொடிக்கு 100 கோடி ஊகங்களைக்கூட ஒரு கணினியால் சோதிக்க முடியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றரை நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

இதற்கு மாற்று, எழுத்துகளைக் குலுக்காமல் சொற்களைக் குலுக்குவது. ஆர்னால்டு ரெய்ன்ஹோல்டு என்பவர் 1995-இல் 'டைஸ்வேர்' என்ற முறையை உருவாக்கினார். பகடையை ஐந்து முறை உருட்டினால் 6-இன் ஐந்தாம் அடுக்கு, 7,776 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து ஒரு சொல் கிடைக்கும். நம்மிடம் அந்தப் பட்டியல் இல்லாவிட்டாலும் அகராதி இருக்கிறது.

0 முதல் 9 வரை எழுதிய பத்துச் சீட்டுகளை ஒரு டப்பாவில் போடுங்கள். ஒரு சீட்டை எடுத்துக் குறித்துக்கொண்டு, திரும்பப் போட்டுக் குலுக்குங்கள். முதல் மூன்று இலக்கங்கள் பக்க எண். மூன்றும் சுழியானால் ஆயிரமாவது பக்கம். நான்காவது இலக்கம் அந்தப் பக்கத்தில் எத்தனையாவது சொல் என்பது. அங்கே சுழி வந்தால் பத்தாவது சொல். ஆயிரம் பக்கமுள்ள அகராதியில் ஒவ்வொரு சொல்லுக்கும் 10,000 வாய்ப்புகள். ஐந்து சொற்களுக்கு 10-இன் இருபதாம் அடுக்கு. அதே வேகத்தில் அத்தனையையும் சோதித்து முடிக்க 3,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். நான்கு சொற்களோடு நிறுத்தினால் 116 நாள்தான். ஒரு சொல் கூடுவதன் பயன் அவ்வளவு.

ஒரு நிபந்தனை உண்டு. வந்த சொல் பிடிக்கவில்லை என்று மாற்றக் கூடாது. பிடித்ததைத் தேர்ந்தால் மறுபடியும் ஊகத்துக்கு இடம் கொடுத்துவிடுவோம்.

எப்படி நினைவில் வைப்பது? படகு, நெல்லி, ஏணி, தறி, முரசு என்று வந்ததாகக் கொள்வோம். படகு நிறைய நெல்லி. ஏணி வைத்து இறக்குகிறார்கள். தறி நெய்பவர் முரசடித்து விலை சொல்கிறார். இந்தப் படத்தை மறக்க முடியுமா? இதையே வைத்துவிடாதீர்கள்; இங்கே நாற்பது பேருக்குத் தெரிந்துவிட்டது. சொற்களை ஆங்கில எழுத்தில் தட்டும்போது ழகரம், நெடில் ஆகியவற்றை எப்படி எழுதுவது என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். முதல் வாரம் ஒரு சீட்டில் எழுதிப் பர்சில் வைத்திருங்கள். பிறகு அதைப் பீரோவில் பூட்டிவிடுங்கள். கணினித் திரையின் ஓரத்தில் மட்டும் ஒட்டாதீர்கள்.

மாதந்தோறும் மாற்ற வேண்டுமா என்று கேட்பீர்கள். அமெரிக்கத் தேசியத் தர நிறுவனம் 2017-இல் தன் பழைய அறிவுரையை மாற்றிக்கொண்டது. காரணமில்லாமல் அடிக்கடி மாற்றச் சொல்ல வேண்டாம், நீளமே முக்கியம் என்றது. மாற்றச் சொன்னால் நாம் கடைசியில் 1 இருந்த இடத்தில் 2 போடுகிறோம். கசிந்துவிட்டது என்று தெரிந்தால் மட்டும் உடனே மாற்றுங்கள்.

இன்னும் மூன்று வேலைகள். மின்னஞ்சலுக்கும் வங்கிக்கும் வேறு வேறு கடவுச்சொல் வையுங்கள். பிள்ளைகளுக்குக் கணினியில் தனிக் கணக்கு திறந்து கொடுங்கள். எழுந்து போகும்போது விண்டோஸ் விசையோடு எல் விசையை அழுத்தித் திரையைப் பூட்டுங்கள். வலிய கடவுச்சொல் இருந்தும் திறந்து கிடக்கும் திரை, பூட்டை வாங்கிவிட்டுக் கதவைச் சாத்தாத வீடு. வேலை முடிந்தபின் மாணவர் பட்டியலை வீட்டுக் கணினியிலிருந்து நீக்கியும் விடுங்கள்.

அந்த மாணவி பத்தாம் வகுப்பில் தேறி மேலே படிக்கப் போனாள். நல்லவேளை, அவள் தந்தை என் பேச்சைக் கேட்டார். கேட்காமல் இருந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று இன்றும் எனக்குத் தெரியாது. நம்மை நம்பித்தான் பெற்றோர் அந்த எண்களைத் தருகிறார்கள். இன்று இரவு சாப்பாடு முடிந்ததும் பத்துச் சீட்டு கிழியுங்கள், அகராதியை எடுங்கள். கால் மணி நேரம் ஆகும்.