உளியும் தமிழும்

(ஆண்டு விழாவில் சங்கத்தின் மரவேலைக் குழு சார்பில் நிகழ்த்தப்பெற்ற உரை)



பெங்களூரில் வாழும் தமிழராகிய நாம் கூடியுள்ள இவ்விழாவில், ஞாயிறுதோறும் கூடும் மரவேலைக் குழுவின் சார்பில் சில சொற்கள் கூற விழைகின்றோம். “தமிழ்ச் சங்கத்தில் தச்சுப் பட்டறைக்கு என்ன வேலை?” என்று உறுப்பினர் சிலர் வினவுகின்றனர். நூலகத்தின் பின்னுள்ள அறையைப் பட்டறைக்கே விடுவதா, வேறு பணிக்குக் கொள்வதா என்பதை வரும் பொதுக்குழு முடிவு செய்ய இருக்கிறது. ஆதலின், அவ்வினாவுக்கு விடை கூறுதல் எங்கள் கடமையாகின்றது.

முதற்கண் பணிகளைக் கூறுவோம். நூலகத்தில் தரையில் கிடந்த நூல்களுக்கு ஆறு அடுக்குகள் செய்தளித்துள்ளோம். சிறுவர் தமிழ் வகுப்புக்கு முக்காலிகள் செய்தோம். கால் தளர்ந்த பழைய நாற்காலிகளைப் பிரித்துப் பொருத்துகளைச் செம்மை செய்து மீண்டும் இணைத்தோம். இம்மேடையில் உள்ள பேச்சு மேசையும் குழுவினரின் கைவண்ணமே. நூலடுக்குகளின் சட்டங்களில் இரும்பாணி ஒன்றேனும் இல்லை. ஒரு சட்டத்தின் முனையை நாக்குப்போல் செதுக்கி, மற்றதன் துளையில் இறுகப் புகுத்தும் பழைய முறையிலேயே அவற்றை இணைத்தோம்.

இவ்வேலையில் கற்றது யாது? மரம் அறுபட்ட பின்னும் அசைவது என்பதே முதற்பாடம். பச்சை மரம் உலரும்போது நீளவாட்டில் ஏறக்குறையச் சுருங்குவதே இல்லை; குறுக்குவாட்டிலேயே சுருங்குகிறது. அதிலும், வளர்ச்சி வளையத்தை ஒட்டிய திசையில் நேரும் சுருக்கம், நடுவிலிருந்து புறம் நோக்கிய திசையில் நேர்வதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு. பலகை வளைவதும் வெடிப்பதும் இதனால்தான். மேசைப் பலகையை அசையவொட்டாமல் இறுக்கிவிட்டால், மழைக்காலத்தில் ஈரம் ஏறி விரியவும் கோடையில் சுருங்கவும் அதற்கு இடமில்லை. எனவே, திருகாணித் துளைகளைச் சற்றே நீளமாக அமைத்து, பலகை நகர வழி விடுகின்றோம்.

மரத்தின் நடுவே திண்ணிதாய் விளைந்த பகுதியைத் தச்சர் வைரம் என்பர். பழந்தமிழில் அதன் பெயர் காழ். புறத்தே காழ் உடையதைப் புல் என்றும், அகத்தே காழ் உடையதை மரம் என்றும் தொல்காப்பிய மரபியல் பிரித்துக் கூறுகிறது. இதனை ஏட்டில் படித்த இளைஞர்க்கு அது மனப்பாடச் செய்தி. பட்டறையில் பனந்துண்டு ஒன்றையும் வேங்கைத் துண்டு ஒன்றையும் குறுக்கே அறுத்துக் காட்டினோம். பனையில் விளிம்பு கருத்து இறுகியும் நடு சோறுபோல் நெகிழ்ந்தும் இருந்தது. வேங்கையில் நிலை தலைகீழ். நூற்பாவின் பொருளை அன்று அவர்கள் விரலால் தொட்டறிந்தனர்.

சொல்லும் அத்தகையதே. உளி, வாச்சி, இழைப்புளி, கொட்டாப்புளி, மூலைமட்டம் என்னும் சொற்கள் அகராதியில் அழியாமல் இருக்கலாம். ஆயினும், கருவியை எடுப்பவன் வாயில் இல்லாத சொல் வாழ்வதாகாது. எங்கள் பட்டறையில் கருவிகள் மாட்டிய பலகையில் ஒவ்வொன்றின் கீழும் அதன் பெயரைத் தமிழிலும் கன்னடத்திலும் எழுதியுள்ளோம். எங்களுக்குக் கற்பிக்கும் ஆசிரியர் இவ்வூர்க் கன்னடப் பெரியவர். அவர் நாவிலும் உளி உளியே. நம் வாச்சி அவருக்குப் பாச்சி. அயல்மொழி என்று எண்ணியிருந்த சிறுவர் இதனைக் கேட்டு வியந்தனர். அண்டை வீட்டாரோடு உறவு இன்னது என்பதை ஒரு கைக்கருவி உணர்த்திற்று.

மரத்தொழிலில் இந்நாடு எளியதன்று. மைசூர் அரசு 1938-இல் பெங்களூரில் தொடங்கிய காட்டு ஆய்வுக்கூடமே 1988-இல் மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனமாக உயர்ந்தது. ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ள சென்னப்பட்டணத்தின் பொம்மைகளை அறியாதார் இலர். கன்னடத்தில் ஆலெ மரம் எனப்படும் வெட்பாலையைக் கடைசலில் சுழலவிட்டு, வண்ண அரக்குக் கோலை அதன்மேல் அழுத்துவர். உராயும் வெப்பத்தால் அரக்கு உருகிப் படியும். பின்னர்த் தாழை மடலால் தேய்க்க மெருகு ஏறும். இத்தகைய கலை நம் வாயிலில் இருக்க, அதனைக் கற்காமல் இருப்பது தகுமா?

இன்னும் ஒன்று. தச்சு, நெடுங்காலம் பிறப்பால் வரும் தொழிலாகவே நடந்தது. அதனால் தச்சர் கூலிபெறும் வாயிற்புறத்திலேயே நிறுத்தப்பட்டார். எங்கள் பட்டறையில் அவர் ஆசிரியர். பொறியாளரும் கணக்கரும் மாணவியரும் அவர்முன் மாணாக்கர். பெண்களும் ஆண்களும் ஒரே பலகையில் இழைக்கின்றனர். கையால் உழைப்போரை மதிக்கும் பண்பு, மேடைச் சொற்பொழிவால் வளர்வதினும் அரைமணி நேரம் இழைப்புளி தள்ளுவதால் விரைந்து வளர்கிறது.

மணிமேகலையில், சோழ மன்னன் பொழிலில் இருந்த மண்டபத்தை மகத வினைஞரும் மராட்டக் கம்மரும் அவந்திக் கொல்லரும் யவனத் தச்சரும் தமிழ்நாட்டு வினைஞரோடு கூடி அமைத்ததாகச் சாத்தனார் கூறுகிறார். அன்று பிறநாட்டார் நம் மண்ணுக்கு வந்து நம்மோடு வேலை செய்தனர். இன்று நாம் பிறர் மண்ணில் வாழ்கின்றோம். கூடித் தொழில் செய்யும் அம்முறையை இங்கே நாம் மேற்கொள்ளுதல் பொருத்தமே அன்றோ?

அன்பர்களே, நாங்கள் வேண்டுவன இரண்டு. அந்த அறை பட்டறையாகவே நிலைக்க வேண்டும். இல்லந்தோறும் ஒருவரேனும் ஒரு ஞாயிறு அங்கு வந்து உளியைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். அதன் பின்னர்ப் பொதுக்குழு எம்முடிவு செய்யினும் ஏற்போம். தமிழ் நாவில் மட்டுமன்றிக் கையிலும் வாழட்டும்.