கடைசி வீட்டுக்கு எத்தனை நாள்ல தண்ணி வந்துச்சு?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பொறியியல் ஆய்வாளர் ஒருவர் ஆற்றிய உரை)



"பேரிடர் பத்திப் பேசு, ஆனா எங்களுக்குப் புரியற மாதிரி பேசு"ன்னு தலைவி அக்கா முன்னாடியே சொல்லிட்டாங்க. அதனால என் வேலை என்னன்னு முதல்ல சொல்லிடறேன். புயல், வெள்ளம், நிலநடுக்கம் வந்தால் பாலம், குடிநீர் டேங்க், மின்கம்பம், ஆஸ்பத்திரிக் கட்டிடம் இதெல்லாம் தாங்குமா என்று கணக்குப் போட்டுப் பார்ப்பதுதான் என் வேலை.

காற்றுக் கணக்கு ஒன்று சொல்கிறேன். காற்றின் வேகம் மணிக்கு 50 கிலோமீட்டரிலிருந்து 100 ஆனால், அது கூரையைத் தள்ளுகிற விசை இரண்டு மடங்கு ஆகாது, நாலு மடங்கு ஆகும். அதனாலதான் சாதாரணக் காத்துக்கு அசையாத கூரை புயலுக்குப் பறந்து போகுது. அதுவும் காற்று கூரையை அழுத்துவதைவிட மேலே உறிஞ்சித் தூக்குவதுதான் அதிகம். ஓரத்திலும் மூலையிலும் அந்த இழுப்பு இன்னும் கூடுதல்.

இந்தக் கணக்கெல்லாம் எனக்கு அத்துப்படி. ஆனா எனக்குத் தெரியாத ஒரு கணக்கை எங்க ஊர்க் குழுப் பெண்கள்தான் சொல்லிக் கொடுத்தாங்க. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

எங்க அம்மா ஊர் வேதாரண்யம் பக்கம். கஜா புயலுக்கு இரண்டு வருஷம் முன்னாடி, என் ஆய்வுக்காக அந்த ஊர் மேல்நிலைத் தொட்டியைச் சோதித்தேன். தூண்களைக் கருவி வைத்துத் தட்டிப் பார்த்தேன். கம்பி துருப்பிடித்திருக்கிறதா என்று பார்த்தேன். "இது புயலைத் தாங்கும்" என்று எழுதிக் கொடுத்தேன்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரையைக் கடந்தது. அந்த ராத்திரியை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தென்னை போச்சு, மா போச்சு, ஓடு போச்சு. டெல்டா மாவட்டங்களில் மின்கம்பங்கள் வரிசை வரிசையாகச் சாய்ந்து கிடந்தன.

நாலாம் நாள்தான் நான் ஊருக்குப் போய்ச் சேர முடிந்தது. முதல் வேலையாக டேங்கைப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. சந்தோஷமா போட்டோ எடுத்தேன். அப்போ எங்க சித்தி காலிக் குடத்தோட வந்து நின்னாங்க. "டேங்கு நிக்குது, சரி. தண்ணி எங்க?"

எனக்குப் பதில் வரல. டேங்க் நின்றால் போதுமா? மோட்டாருக்குக் கரண்டு வேணும். கரண்டுக்கு டிரான்ஸ்பார்மர் வேணும், கம்பம் வேணும், கம்பி வேணும். இதில் ஒன்று போனாலும் டேங்க் வெறும் தூண்தான். நான் டேங்கை மட்டும் சோதித்தேன். அது எதை நம்பி நிற்கிறது என்று பார்க்கவே இல்லை.

அன்னைக்குச் சாயங்காலம் குழு கூடுச்சு. தீர்மான நோட்டைத் திறந்து, சேமிப்பிலிருந்து பணம் எடுத்து, ஜெனரேட்டர் வாடகைக்குப் பிடிப்பதுன்னு முடிவு பண்ணாங்க. டிராக்டருக்கு ஆள் தேடினாங்க, டீசலுக்கு அலைஞ்சாங்க. ஆறாம் நாள் டேங்க் நிரம்பியது. என் நோட்டில் "குடிநீர் மீண்ட நாள்: 6" என்று எழுதிக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்துக் கடைசித் தெருவில் இருந்து ஒரு பாட்டி வந்தாங்க. "தண்ணி வந்துடுச்சுன்னு எழுதிட்டியாமே தாயி. எங்க தெருவுக்கு இன்னும் வரலயே"ன்னாங்க.

போய்ப் பார்த்தோம். பாட்டி சொன்னது நிஜம். டேங்க் பக்கத்துத் தெருக்காரங்க நாலு நாளா காய்ஞ்சு கிடந்தவங்க, ஆளுக்குப் பத்துக் குடம் பிடிச்சிருக்காங்க. கடைசித் தெருவுக்குப் போறதுக்குள்ள குழாயில் அழுத்தமே இல்லை. அந்தத் தெருவில் யாரும் குழுவில் உறுப்பினர் கிடையாது. அதனால கூட்டத்துல அவங்க பேச்சே வரல. எனக்கும் தோணல. படிச்ச நானே மறந்தேன் என்பதுதான் இன்னைக்கும் என்னை உறுத்துகிற விஷயம்.

மறுநாள் முன் தெருக்களின் கேட் வால்வை மூடிவிட்டு, முதல் ஒரு மணி நேரம் கடைசித் தெருவுக்கு மட்டும் திறந்துவிட்டாங்க. ஒன்பதாம் நாள் அங்கே தண்ணீர் வந்தது. அதற்குப் பைசா செலவில்லை. யோசிச்சிருந்தா ஆறாம் நாளே செய்திருக்கலாம். நோட்டில் 6-ஐ அடித்துவிட்டு 9 என்று எழுதினேன்.

2003-ல் மிஷேல் புரூனோ என்ற பொறியாளரும் அவருடைய சக ஆய்வாளர்களும் பேரிடரிலிருந்து மீளும் திறனுக்கு நாலு அளவுகோல் சொன்னார்கள். அடியைத் தாங்கும் வலு. ஒன்று போனால் இன்னொரு வழி. கையில் இருப்பதைத் திரட்டிச் சமாளிக்கும் சாமர்த்தியம். மீளும் வேகம். முதலாவது பெரும்பாலும் எங்களை மாதிரிப் பொறியாளர்கள் கையில். மற்ற மூன்றிலும் உங்க கை ரொம்பப் பெருசு. கூட்டம் போடவும், கணக்கு எழுதவும், பணம் திரட்டவும், ஒருத்தரை ஒருத்தர் நம்பவும் உங்களுக்குப் பழக்கம் இருக்கு. புயல் வந்த பிறகு இதை எல்லாம் புதுசா உருவாக்க முடியாது.

இப்ப நான் எந்த ஊருக்குப் போனாலும் முதலில் பெண்களோடு தரையில் உட்கார்ந்து கோலமாவில் கோடு போடுவேன். டேங்கிலிருந்து மோட்டார், மோட்டாரிலிருந்து டிரான்ஸ்பார்மர், டேங்கிலிருந்து ஒவ்வொரு தெரு. எந்தக் கோடு அறுந்தால் யாருக்குத் தண்ணி நிக்கும்னு அவங்களே சொல்லிடுவாங்க.

ஒவ்வொரு குழுவும் வர மழைக்காலத்துக்கு முன்னாடி மூணு வேலை செய்யணும்னு கேட்டுக்கறேன்.

ஒண்ணு, ஊராட்சியிடம் மனு கொடுத்து, குடிநீர் மோட்டாருக்கு சேஞ்ச் ஓவர் சுவிட்ச் போடச் சொல்லுங்க. அது இல்லாம ஜெனரேட்டரை நேரா இணைச்சா கரண்டு திரும்பி லைனுக்குப் போகும். கம்பத்துல வேலை பார்க்கிற லைன்மேன் உயிருக்கே ஆபத்து.

இரண்டு, ஜெனரேட்டர் யாரிடம், டிராக்டர் யாரிடம், அடிபம்பு ரிப்பேர் யாருக்குத் தெரியும், எந்த வால்வு எந்தத் தெருவுக்கு என்று தீர்மான நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்க. போன் வேலை செய்யாது, அதனால நோட்டுலதான் இருக்கணும்.

மூணு, உங்க ஊரின் கடைசித் தெருவுக்கு ஒரு தடவை நடந்து போங்க. அங்கே குழு இருக்கா பாருங்க. இல்லைன்னா ஆரம்பிச்சுக் கொடுங்க.

அந்த ஊரில் கடைசித் தெருவில் இப்போ ஒரு குழு நடக்குது. அடுத்த புயலுக்கு அப்புறம் யாராவது "எல்லாம் சரியாயிடுச்சா"ன்னு கேட்டா, உடனே ஆமான்னு சொல்லிடாதீங்க. கடைசி வீட்டுக்கு எத்தனை நாள்ல தண்ணி வந்துச்சுன்னு கேட்டுட்டுச் சொல்லுங்க.